ஏழு மீட்டரும் பன்னிரண்டு யூனிட்டும்

எங்கள் வீட்டு மொட்டை மாடியில் ஆறு சோலார் பேனல்கள் இருக்கின்றன. இன்றுவரை அவற்றை நான் நேரில் பார்த்ததில்லை. என் தலைக்கு நேர் மேலேதான் இருக்கின்றன. ஆனால் என் மூக்கில் மாட்டியிருக்கும் ஆக்சிஜன் குழாயின் நீளம் ஏழு மீட்டர். அது மாடிப்படிக்கு எட்டாது. கணவர் கைபேசியில் எடுத்துக் காட்டிய படத்தில் பார்த்ததோடு சரி.

ஏழு மீட்டர் என்றால் எவ்வளவு தூரம் என்று கேட்டால் அங்குலம் அங்குலமாகச் சொல்வேன். படுக்கையறை மூலையில் மெஷின் நிற்கிறது. காற்றை இழுத்து, அதிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி அது. கரண்ட் இருந்தால்தான் ஓடும். அங்கிருந்து கிளம்பினால் குளியலறை, கூடத்து ஜன்னல், சாப்பாட்டு மேசை, சமையலறை வாசற்படி. படிக்கு அந்தப் பக்கம் போகக் கூடாது. ஆக்சிஜன் மாட்டியவள் அடுப்பு நெருப்பின் பக்கத்தில் நிற்கக் கூடாதாம். ஆகவே கதவோரம் நின்று, கணவர் சாம்பார் என்ற பெயரில் செய்யும் காரியத்தை வேடிக்கை பார்ப்பேன். "புளி போதும்" என்று நான் சொல்வதற்குள் ஊற்றி முடித்திருப்பார்.

நான் நான்காம் வகுப்பு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். முப்பது வருடம் கத்திக் கத்திப் பாடம் எடுத்த நுரையீரல், மூன்று வருடத்துக்கு முன் இறுகத் தொடங்கியது. ஸ்கேன் படத்தைப் பார்த்தபோது காய்ந்த பீர்க்கங்கூடுதான் ஞாபகம் வந்தது. இனி இரவும் பகலும் மெஷின் வேண்டும் என்று மருத்துவர் சொன்னார். கணவர் கேட்ட முதல் கேள்வி: "கரண்ட் போச்சுன்னா?"

அந்தக் கேள்வி அவருக்கு வந்ததே ஆச்சரியம்தான். அவர் ஆவடியில் பாதுகாப்புத் தளவாடத் தொழிற்சாலையில், பரிசோதனை செக்‌ஷனில் முப்பத்து நான்கு வருடம் வேலை பார்த்தவர். அத்தனை வருடமும் குவார்ட்டர்ஸில்தான் இருந்தோம். அங்கே கரண்ட் போவது அபூர்வம். போனாலும் புகார் நோட்டில் ஒரு வரி எழுதிவிட்டு வந்தால் போதும், கொஞ்ச நேரத்தில் சைக்கிளில் ஆள் வந்து நிற்பான். ஓய்வுக்குப் பிறகு முத்தாபுதுப்பேட்டையில் வீடு கட்டி வந்தோம். கரண்ட் போனால் தெருவுக்கு வந்து, அடுத்த வீட்டிலும் போயிருக்கிறதா என்று எட்டிப் பார்க்க வேண்டும் என்பதையே அறுபத்தொரு வயதில்தான் கற்றுக்கொண்டார்.

மெஷின் வந்த பிறகு அவர் தூங்கவில்லை. வீட்டில் ஒரு பழைய இன்வெர்ட்டரும் பாட்டரியும் இருந்தன. கரண்ட் போனால் ஒன்றரை மணி நேரம் தாங்கும். போதாததற்கு ஒரு சிலிண்டரும் வாங்கி என் கட்டிலுக்குப் பக்கத்தில் நிறுத்தினார். அப்படியும் அவருக்கு நம்பிக்கை வரவில்லை. ஃபேன் கொஞ்சம் மெதுவாகச் சுற்றினாலே என் தலைமாட்டில் வந்து நிற்பார். வெளியே போவதை விட்டார். பால், காய்கறி எல்லாம் வாசலுக்கே வந்தன. ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குக்கூடக் கோயிலுக்குப் போகவில்லை. பிளாஸ்டிக் நாற்காலியை எனக்கு எதிரே போட்டுக்கொண்டு, என் விரலில் மாட்டியிருக்கும் ஆக்சிமீட்டரையே பார்த்துக்கொண்டிருப்பார். "தொண்ணூத்தி மூணு." அரை மணி கழித்து, "தொண்ணூத்தி நாலு." பரீட்சை ஹாலில் ஒரே பிள்ளைக்கு ஒரு சூப்பர்வைசர் போட்ட மாதிரி.

அன்புதான். இல்லை என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். ஆனால் இரண்டு வருடம் ஒரு மனிதர் நான் மூச்சு விடுவதையே பார்த்துக்கொண்டிருந்தால் எனக்கு எப்படி இருக்கும்? இருமலைக்கூட அடக்கப் பழகினேன். குழாய் ஏழு மீட்டர் விட்டது. அவர் பார்வை ஒரு அடிகூட விடவில்லை. கத்த வேண்டும் போல இருக்கும். கத்தினால் எண் இறங்கும். எண் இறங்கினால் அவர் எழுந்து வருவார்.

அந்த நேரத்தில்தான் சோலார் யோசனை வந்தது. ஒரு மாதம் முழுக்க மாடியில் சாக்பீஸும் கையுமாகத் திரிந்தார். காலை எட்டு மணிக்குத் தண்ணீர்த் தொட்டியின் நிழல் எதுவரை வருகிறது, மதியம் எங்கே, நாலு மணிக்கு எங்கே என்று தரை முழுக்கக் கோடு. கடைசியில் கூடத்து ஜன்னலுக்கு வெளியே நின்ற முருங்கை மரம் மாட்டிக்கொண்டது. மூன்று மணிக்கு மேல் அதன் நிழல் மேற்கு மூலைப் பேனலில் விழுமாம். "ஒரு பேனல்ல நிழல் விழுந்தாலும் பக்கத்துல இருக்கிறதையும் சேர்த்து இழுத்துரும்" என்றார். சரி என்றேன். மரத்தை வெட்டினார்கள். அந்த ஜன்னலில் எனக்குப் பார்க்க இருந்ததே அது ஒன்றுதான் என்பது வெட்டிய மறுநாள்தான் உறைத்தது. இப்போது எதிர்வீட்டுச் சுவர் தெரிகிறது.

காலண்டர் தாளின் பின்பக்கம் கணக்குப் போட்டு என் மடியில் வைத்தார். நம் ஊர் வெயிலுக்கு ஒரு கிலோவாட் பேனல் சராசரியாக ஒரு நாளைக்கு நாலு யூனிட் கொடுக்கும். மூன்று கிலோவாட் போட்டால் பன்னிரண்டு. என் மெஷின் ஒரு நாள் முழுக்க ஓடினால் எட்டு யூனிட், கொஞ்சம் மேலே. "பன்னெண்டுல எட்டு போனா மிச்சம் ஃபேனுக்கு, ஃபிரிட்ஜுக்கு. சூரியன் இருக்கிறவரைக்கும் உன் மிஷின் நிக்காது, டீச்சர்" என்றார். அவர் என்னை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்.

"ராத்திரிக்கு?" என்று கேட்டேன்.

"பகல்ல மிஞ்சுறதை லைனுக்குக் குடுத்துருவோம். ராத்திரி லைன்ல இருந்து எடுத்துக்குவோம்."

லைனே செத்துப்போனால் என்ன என்று அடுத்த கேள்வியைக் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. அவர் முகத்தில் ரொம்ப நாளைக்குப் பிறகு ஒரு தெளிவு இருந்தது.

பேனல் மாட்ட வந்தவர் அம்பத்தூர்க்காரர். நாற்பது வயது இருக்கும். வேலை முடித்துக் கூடத்தில் உட்கார்ந்து மோர் குடித்தார்.

"மெட்ராஸ் வெயிலு சும்மா தகதகன்னு கீது சார். பன்னெண்டு யூனிட்டு கண்ண மூடிகினு வரும்."

"மே மாசம் இன்னும் அள்ளும், இல்லையா?" என்றார் கணவர்.

"அதான் இல்ல சார். ரொம்ப சூடாச்சின்னா பேனலு சோம்பேறியாப் பூடும். மாசி, பங்குனிலதான் செமையா குடுக்கும். தூசி மட்டும் சேர உடாதீங்க."

கிளம்பும்போது ஒரு கையேட்டைக் கொடுத்து, "இத்த ஒரு தபா படிச்சிக்கோங்க சார்" என்றார். கணவர் அதை வாங்கி மேசையில் போட்டார். கூடவே கொடுத்த சான்றிதழில் 'பரிசோதிக்கப்பட்டது' என்ற நீல முத்திரை இருந்தது. அவருக்கு அது போதும். தன் வேலைக்காலம் முழுக்க அவர் குத்திய முத்திரைக்கு மேல் யாரும் கேள்வி கேட்டதில்லை. அவரும் முத்திரை விழுந்த பொருளைத் திருப்பிப் பார்த்ததில்லை. எதிர்பார்க்கும் உற்பத்தி: பன்னிரண்டு யூனிட் என்ற வரியை மட்டும் இரண்டு முறை வாசித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

அன்று சாயங்காலம் கையேட்டை நான் படித்தேன். எனக்கு மளிகைக்கடைக் காகிதம் என்றாலும் படிக்க வேண்டும். படிக்கும்போது கையில் ஒரு பக்கம் சிவப்பும் மறுபக்கம் நீலமுமான பென்சில் இருக்க வேண்டும். பிள்ளைகள் மறக்கக் கூடாத வரிக்குச் சிவப்புக் கோடு. பதினான்காம் பக்கத்தில் என் கை தானாகவே ஒரு சிவப்புக் கோடு போட்டது. போட்ட பிறகுதான் என்ன வரி என்று புத்திக்கு எட்டியது.

'மின்வாரிய இணைப்பில் மின்சாரம் தடைபடும்போது இந்த அமைப்பும் தானாகவே நின்றுவிடும்.'

கீழே காரணமும் போட்டிருந்தது. கரண்டை நிறுத்திவிட்டுக் கம்பத்தில் ஏறி வேலை செய்பவரை, நம் மாடியிலிருந்து போகும் கரண்ட் தாக்கிவிடக் கூடாது. நியாயமான ஏற்பாடுதான். ஆனால் இதற்கு அர்த்தம் என்ன? மண்டையைப் பிளக்கும் வெயில் அடித்தாலும், தெருவில் கரண்ட் போய்விட்டால் எங்கள் ஆறு பேனலும் வெறும் கண்ணாடி. என் மெஷின் நின்றுவிடும். தனியாகப் பாட்டரி வைத்த அமைப்பாக இருந்தால்தான் ஓடும் என்று அடுத்த வரி சொன்னது.

காலையில் சொல்லிக்கொள்ளலாம் என்று பென்சிலை அந்தப் பக்கத்திலேயே வைத்து மூடினேன். அன்றைக்கு அவர் தூங்கினார். இரண்டு வருடத்துக்குப் பிறகு குறட்டை கேட்டது. விடிந்ததும் மூலையில் கிடந்த கேன்வாஸ் ஷூவைத் தட்டி மாட்டிக்கொண்டு, "பருத்திப்பட்டு ஏரியை ஒரு சுத்து சுத்திட்டு வரட்டா, டீச்சர்? இனிமே என்ன பயம்?" என்றார்.

"போயிட்டு வாங்க" என்றேன்.

ஸ்கூட்டர் சத்தம் தெருமுனையில் தேய்ந்தது. வீடு காலி. முதல் காரியமாக விரலில் இருந்த ஆக்சிமீட்டரைக் கழற்றி வைத்தேன். ஆசை தீர இருமினேன். பாமாலையில் இரண்டு வரியைக் கழுதைக் குரலில் பாடினேன். மூச்சு வாங்கியதும் நிறுத்திச் சிரித்தேன். ஒரு மணி நேரம் யாரும் என்னைப் பார்க்கவில்லை. அவர் திரும்பி வரும் சத்தம் கேட்டதும், கையேட்டை எடுத்து டிவி மேசையின் அடி இழுப்பறையில், பழைய வாரண்டி அட்டைகளுக்கு நடுவே செருகினேன்.

அதன் பிறகு தினமும் ஒரு மணி நேரம். ஆறு வாரம் அப்படிப் போனது. ஏரிக்கரையில் பழைய செக்‌ஷன் ஆட்கள் இரண்டு மூன்று பேர் கிடைத்துவிட்டார்கள். டீ குடித்துவிட்டு, கன்னம் சிவக்க, ஊர்க்கதையோடு வருவார். சாயங்காலம் மாடிப்படியில் நின்றே, "பதினொண்ணு புள்ளி எட்டு!" என்று கத்துவார். பன்னிரண்டைத் தாண்டிய நாளில் எனக்கு ஒரு பாதாம் அல்வா வாங்கி வந்தார். இடையில் ஓரிரு முறை இரவில் கரண்ட் ஒரு நிமிடம் போய் வந்தது. மெஷின் கூவி அடங்கியது. அவர் பாதித் தூக்கத்தில், "சோலார் மாறுது" என்று எனக்குச் சமாதானம் சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்தார். சூரியன் இல்லாத நேரத்தில் சோலார் எதற்கு மாறும்? நான் வாயைத் திறக்கவில்லை.

வாயைத் திறந்திருக்க வேண்டிய நாள் ஒன்று உண்டு. பேனல் மாட்டிய முதல் வாரத்திலேயே, பழைய இன்வெர்ட்டரையும் பாட்டரியையும் கோயிலுக்குக் கொடுப்பதாகச் சொல்லிவிட்டார். லோடு ஆட்டோ வாசலில் வந்து நின்றது. நான் கூடத்தில் ஏழு மீட்டர் தள்ளி நின்றுகொண்டிருந்தேன்.

"இருக்கட்டுமே" என்றேன்.

"எதுக்கு? இடத்தை அடைச்சிக்கிட்டு. அதான் சூரியனையே கொண்டுவந்து வச்சாச்சே."

எதற்கு என்று சொல்ல எனக்கு ஒரு வாக்கியம் போதும். சொன்னால் அந்த நிமிடமே நாற்காலி எனக்கு எதிரே வந்துவிடும். பாட்டரி போனது. அதே வேகத்தில் சிலிண்டரையும் உருட்டிக்கொண்டுபோய் மாடிப்படிக்கு அடியில் நிறுத்தி, பழைய போர்வையால் மூடினார். கட்டிலருகே அது ஆள் நிற்பது போல இருக்கிறது என்று முன்பு புலம்பியவளும் நான்தான்.

மாசி மாதத்தில் ஒரு காலை, ஏழரை மணி. அவர் கிளம்பிப்போய் அரை மணி ஆகியிருந்தது. படுக்கையறை ஜன்னல் வழியாக வெயில் தரையில் பளீரென்று விழுந்துகிடந்தது. ஃபேன் மெதுவானது, நின்றது. மெஷின் கூவ ஆரம்பித்தது.

ஒரு நிமிடம், இரண்டு நிமிடம் என்று பார்த்தேன். வரவில்லை. கட்டிலில் உட்கார்ந்து, சொல்லிக் கொடுத்தபடி உதட்டைக் குவித்து மூச்சு விட்டேன். ஆக்சிமீட்டரைத் தேடி மாட்டினேன். எண்பத்தெட்டு. கைபேசியில் அவரைக் கூப்பிட்டேன்.

டீக்கடைச் சத்தத்துக்கு நடுவே அவர் குரல் உற்சாகமாக வந்தது. "டீச்சர், இங்கேயும் கரண்ட் இல்லை. ஏரியா பூரா போச்சாம். நம்ம வீடு மட்டும்தான் ஓடிக்கிட்டிருக்கும் போல!" பக்கத்தில் யாரிடமோ சொன்னார்: "எங்க வீட்ல கவலையே இல்லப்பா. ஆறு பேனல்."

"வாங்க" என்றேன்.

"என்னது?"

"வாங்க." அதற்கு மேல் பேச மூச்சில்லை. போனை மெஷினுக்கு நேராக நீட்டிப் பிடித்தேன். கூவல் அவருக்குக் கேட்டிருக்க வேண்டும். அந்தப் பக்கம் எதுவோ விழுந்து உடையும் சத்தம்.

உபயோகமில்லாத குழாயைக் கழற்றி எறிந்துவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு கூடத்து ஜன்னலுக்கு வந்தேன். இரண்டு வருடத்தில் குழாய் இல்லாமல் நடந்தது அன்றுதான். பக்கத்து வீட்டுப் பெண் வாசலில் நின்றிருந்தாள். என் கையசைவைப் பார்த்து ஓடி வந்தாள்.

"இன்னாக்கா, மிஷினு இப்டி கத்துது? அண்ணாத்தே எங்க?"

"ஏரி... சிலிண்டர்... படிக்கு அடியில."

தனியாளாக அதை இழுத்துக்கொண்டு வந்துவிட்டாள். திறக்கும் சாவி எங்கே என்று எனக்குத் தெரியவில்லை. அது அவருடைய டூல் பாக்ஸில் எந்த அடுக்கிலோ இருந்தது. எண்பத்திரண்டு. முந்தானையால் விசிறியபடியே அவள் மேலே பார்த்தாள். "மாடில அம்மாம் பெரிய சோலாரு கீதே. அது இன்னாத்துக்குக்கா?"

நான் கண்ணை மூடிக்கொண்டேன். செத்துப்போவேன் என்று பயந்தேன் என்று எழுதுவதுதான் நாகரிகம். அந்த நேரத்தில் எனக்கு இருந்த பெரிய பயம், அவர் வந்து கேட்பாரே என்பது.

இருபது நிமிடத்தில் வந்துவிட்டார். எதையும் கேட்கவில்லை. சாவியை எடுத்தார், சிலிண்டரைத் திறந்தார், குழாயை மாட்டினார். ஆக்சிஜன் ஏறும் சீறல் கேட்டது. எண் எண்பத்தொன்பதைத் தாண்டியதும் எழுந்து மாடிக்கு ஓடினார். என் தலைக்கு மேலே அவர் காலடி இந்த மூலைக்கும் அந்த மூலைக்குமாக நடந்தது. "வெயில் அடிக்குதே! வெயில் அடிக்குதே!" என்று அவர் தனியாகக் கத்தியது தெருவுக்கே கேட்டிருக்கும்.

வேர்த்து வழிய இறங்கி வந்தார். "அந்த ஆளுக்குப் போன் போடணும். நம்பர் புத்தகத்துல இருக்கு. புத்தகம் எங்கே?"

எனக்குத் தெரியாது என்று தலையாட்டியிருக்கலாம். இழுப்பறையைப் பார்த்தேன். அவர் என் கண் போன பக்கம் போனார். வாரண்டி அட்டைகளைத் தள்ளிவிட்டுக் கையேட்டை உருவினார். நடுவில் பென்சில் இருந்ததால் அது பதினான்காம் பக்கத்திலேயே திறந்துகொண்டது.

அந்தச் சிவப்புக் கோடு யாருடையது என்று அவருக்குச் சொல்ல வேண்டியதில்லை. முப்பது வருடம் எனக்குப் பென்சில் சீவிக் கொடுத்தவர். நின்றபடியே படித்தார். பக்கத்து வீட்டுப் பெண்ணிடம், "ரொம்ப நன்றிம்மா, இனிமே நான் பாத்துக்கிறேன்" என்று அனுப்பிவைத்தார். பதினோரு மணிக்குக் கரண்ட் வந்தது. மெஷின் ஓட ஆரம்பித்த பிறகுதான் பேசினார்.

"எப்போ படிச்ச?"

"பேனல் மாட்டின அன்னைக்கு."

"பாட்டரியைத் தூக்கிக் குடுத்தேனே, அப்போ?"

"தெரியும்."

"தினம் ஏரிக்குப் போனேனே?"

"தெரியும்."

"ஏன் சொல்லல?"

"நீங்க வெளியே போகணும்னு இருந்துச்சு."

அவர் முகம் இளகியது. எனக்காக இவ்வளவு யோசித்தாளா என்று கண் கலங்கப் போகிறது என்று தெரிந்தது. அந்தப் பொய்யை அப்படியே விட்டிருக்கலாம். ஆறு வாரம் சொன்னது போதாதா என்று தோன்றியது.

"உங்களுக்காக இல்லைங்க. எனக்காக. நீங்க பாத்துக்கிட்டே இருக்கீங்க. என்னால முடியல."

அவர் கையேட்டை மூடி மேசையில் வைத்தார். மதியத்துக்குக் கஞ்சி வைத்தார். ஊறுகாய் எடுத்துவைக்க மறக்கவில்லை.

பத்து நாளில் பாட்டரி வந்தது. பேனல் மாட்டிய அதே ஆள்தான் வந்து மாற்றிக் கொடுத்தார். "இன்னா சார் நீங்க, கரண்டு பூட்டாலும் மிஷினு ஓடணும்னு மொதல்லயே ஒரு வார்த்த சொல்லியிருந்தா அப்பவே பாட்டரி செட்டோட போட்டிருப்பேனே" என்று தலையில் அடித்துக்கொண்டார். புதிய கையேட்டை என்னிடம் நீட்டினார். கணவர் குறுக்கே கையை நீட்டி வாங்கிக்கொண்டார். அன்று சாயங்காலம் முழுக்க, விரலை வரியில் வைத்து, ஒன்றாம் வகுப்புப் பிள்ளை போல எனக்கு உரக்கப் படித்துக் காட்டினார். முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை. 'மின்சாரம் தடைபட்டாலும் அமைப்பு தொடர்ந்து இயங்கும்' என்ற இடம் வந்ததும் பென்சிலைக் கேட்டார். தானே கோடு போட்டார். கோடு கோணலாக விழுந்தது.

இப்போது தெருவில் கரண்ட் போனால் எனக்குத் தெரிவதே இல்லை. ஃபேன் சுற்றுகிறது, மெஷின் ஓடுகிறது. பங்குனி வெயிலில் பன்னிரண்டு யூனிட்டைத் தாண்டாத நாள் இல்லை. மாடிப்படியிலிருந்து யாரும் அதைக் கத்திச் சொல்வதில்லை. என் எதிரே உட்கார்ந்து கைபேசியில் பார்த்துக்கொள்கிறார். கேன்வாஸ் ஷூ கதவு மூலையில் இருக்கிறது. காலை ஆறரைக்கு எழுந்து, பல் தேய்த்து, நாற்காலியில் வந்து உட்கார்ந்துவிடுகிறார்.

போன வாரம் மெதுவாகக் கேட்டுப் பார்த்தேன். "நாளைக்கு ஏரிக்குப் போயிட்டு வாங்களேன். பழைய ஆளுங்க தேடுவாங்க. இப்பதான் பாட்டரி இருக்கே. கரண்ட் போனாலும் நிக்காது."

அவர் என் விரலைத் தூக்கி ஆக்சிமீட்டரைப் பார்த்தார்.

"பாட்டரியை நம்பலாம்" என்றார்.

பிறகு, "தொண்ணூத்தி நாலு" என்று படித்துவிட்டு, நாற்காலியை இன்னும் கொஞ்சம் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.